எருமையைப் பார்த்த வாசல்

தலகாணிய இங்கிட்டு நகர்த்திப் படு பாப்பா. கால ஆட்டாத. அத்தை கதை சொல்றப்ப நீ ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நெனச்சு நானும் தூங்கிருவேன். சரியா?

“ம்.”

மலையடிவாரத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு டைலரு. பேரு வனராசு. நல்ல மனுசன். அதுதான் அவருகிட்ட இருந்த கெட்ட பழக்கம். யாரு என்ன சொன்னாலும், “அதுவும் சரிதான்”னு சொல்லிருவாரு.

அவரு ஜாக்கெட்டு தைப்பாரு. கை இறுக்கமா போயிரும். போனா என்ன? சர்ருனு பிரிப்பாரு, டகடகன்னு மறுபடி தைப்பாரு. தைச்சுத் தைச்சு, பிரிச்சுப் பிரிச்சு, அவருக்கு ஒரு நெனப்பு வந்திருச்சு. உலகத்துல எல்லாத்தையும் பிரிச்சுத் தைச்சுக்கலாம்னு.

அவரு சம்சாரம் பவுன்தாய். ஏலக்கா மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில காய் பொறுக்குற வேலை. சொத்தைய ஒரு பக்கம், நல்லத ஒரு பக்கம், சரசரன்னு கை ஓடும். வாய் அதவிட வேகமா ஓடும். ரெண்டு பிள்ளைக. நாலு பேரும் சீனியம்மாங்கிற பொம்பளையோட லைன் வீட்டு வரிசையில ஒன்னுல வாடகைக்கு இருந்தாங்க.

பேருதான் சீனி. “செவுத்துல ஆணி அடிக்காத. அம்மியில மொளகா அரைக்காத, எனக்குத் தும்மல் வருது. சொந்தக்காரங்க வந்தா பொழுது சாய அனுப்பிரு. பிள்ளைகள ஓட விடாத, தரை தேயும்.” தரை தேயுமாம் பாப்பா! சிமெண்டுத் தரை!

“ம்.”

அப்போ ஒரு நாள் சீனியம்மா வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, “ஏண்டி பவுனு, எம்மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு. மாப்பிள்ளை இங்கேயே வந்து இருக்கப் போறாரு. ஐப்பசி மழைக்கு முந்தி வீட்டக் காலி பண்ணிரு”ன்னு சொல்லிட்டா.

ஊருக்கு வெளிய பவுன்தாயோட அப்பா குடுத்த எடம் ஒன்னு சும்மா கெடந்துச்சு. கருவேலம் மொளச்சு, ஆடு மேய்ஞ்சுக்கிட்டு. “என்னங்க, அங்க நம்மளே ஒரு வீடு கட்டிக்குவோம்”னா.

வனராசு கழுத்துல கெடந்த டேப்ப எடுத்து நீட்டிப் பாத்தாரு. “கட்டிட்டாப் போச்சு. எல்லாம் அளவுதான? ஜாக்கெட்ட விடவா கஷ்டம்?”

அப்புறம் ஒரு மேஸ்திரியப் பிடிச்சாங்க. கருத்தபாண்டின்னு பேரு. அவருக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை “சரிங்க”. கட்டுன்னாலும் சரிங்க, இடின்னாலும் சரிங்க. கட்டினாலும் கூலிதான், இடிச்சாலும் கூலிதான், அந்தாளுக்கு என்ன வந்துச்சு? நூல் கட்டி, சுண்ணாம்புல கோடு போட்டு, வாசல் கெழக்கப் பாத்து இருக்குற மாதிரி வானம் தோண்டினாங்க.

“வானத்தையா அத்தை?”

இல்லடி என் தங்கம். வீட்டுக்கு அஸ்திவாரம் போடக் குழி தோண்டுறாங்கல்ல, அதுக்குப் பேரு வானம். ஆனா வனராசு தோண்டினது நெசமாவே வானத்தத்தான், முடிவே இல்லாத வேலை. கேளு.

அஸ்திவாரம் ஏறி, செவுரு இடுப்பு ஒசரம் வந்துச்சு. அப்போ வனராசோட பெரியப்பா வந்தாரு. சுருளிவேல்னு பேரு. அவரு வர்றதுக்கு முன்னாடி அவரு தொப்பை வந்துரும், அப்புறந்தான் அவரு வருவாரு. வந்து, இடுப்புல கைய வச்சு, ஒரு சுத்து சுத்தி, ‘ச்சு ச்சு ச்சு’ன்னாரு.

“சொல்றேன்னு தப்பா நினைக்காத வனராசு. கெழக்க வாசலா? நம்ம வகையறாவுக்கு வடக்கு வாசல்தான் ஆகும்.”

“அதுவும் சரிதான் பெரியப்பா.”

பவுன்தாய் ஓடியாந்தா. “மாமா, வடக்க என்ன இருக்குன்னு பாத்தீகளா? வடக்க மாட்டுக் கொட்டம். வாசல் தொறந்தா எருமை மூஞ்சியில முழிக்கணும்.”

“எருமை லட்சுமிம்மா”ன்னாரு பெரியப்பா. பசுவத்தான லட்சுமின்னு சொல்லுவாங்க? அன்னைக்கு எருமைக்குப் பதவி உயர்வு.

“உனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு”ன்னு வனராசு பவுன்தாயை அடக்கிட்டாரு. மேஸ்திரி “சரிங்க”ன்னாரு. டமார்! ஒரு பக்கம் இடிச்சு, இன்னொரு பக்கம் வாசல் வச்சாச்சு. எதுத்தாப்புல எருமை தலையத் தூக்கிப் பாத்து “ம்ம்மா”ன்னுச்சு.

பெரியப்பா சொந்தமா வீடு கட்டினவரான்னு கேக்குறியா?

“ம்.”

கட்டல. கல்யாணமான நாள்லருந்து மாமனார் வீட்டுலதான் இருக்காரு.

அப்புறம் செவுரு தலை ஒசரம் வந்துச்சு. அப்போ வனராசோட கூட்டாளி போஸு வந்தான். பஸ் ஸ்டாண்டுல டீக்கடை வச்சிருக்கான். ஒரு கையில டீத் தூக்கு, ஒரு கைய ஆட்டிப் பேச காலியா வச்சிருப்பான்.

“பங்காளி, சொல்றேன்னு தப்பா நினைக்காத. மாடிப்படிய வீட்டுக்கு வெளிய வச்சா உனக்கு என்னப்பா மரியாதை? உள்ள வை. பணக்காரங்க வீட்டுல எல்லாம் உள்ளதான் படி இருக்கும். மேல இருந்து நீ எறங்கி வரணும், நாங்க கீழ நின்னு பாக்கணும்.”

வனராசுக்கு அப்படியே கண்ணு சொருகிருச்சு. அவரு மேல இருந்து எறங்கி வர்றாராம், எல்லாரும் கீழ நின்னு பாக்குறாங்களாம். “அதுவும் சரிதான் போஸு.”

“மாடியே கெடையாதே”ன்னா பவுன்தாய். “படியேறிப் போயி யாரப் பாக்கப் போறீங்க? காக்காவையா?”

“நாளைக்குக் கட்ட மாட்டோமா?”

“இன்னைக்குப் பிள்ளைக எங்க படுக்கும்?”

வனராசு மேஸ்திரியப் பாத்துக் கைய காட்டிட்டாரு. மேஸ்திரி “சரிங்க”ன்னாரு. டமார்! படிக்கட்டு வீட்டுக்குள்ள வந்து உக்காந்துச்சு. பெரிய விருந்தாளி மாதிரி காலை அகட்டி உக்காந்துச்சு. மிச்சம் இருக்குற எடத்துல நாலு பேரு படுத்தா, ஒருத்தரு திரும்பிப் படுக்கணும்னா மத்த மூணு பேருகிட்டயும் கேட்டுட்டுத்தான் திரும்பணும்.

போஸோட கடை எப்படி இருக்கும் தெரியுமா? நாலு மூங்கிலு, மேல ஒரு தகரம். காத்தடிச்சா தகரம் ஒரு பக்கம் போகும், போஸு ஒரு பக்கம் ஓடுவான்.

தூங்கிட்டியா?

“இல்ல. ம்.”

அப்புறம் மூணாவது ஆளு வந்தான். பவுன்தாயோட கூடப் பொறந்த அண்ணன் தங்கேஸ்வரன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. நாலு பேரோட ஒரு ரூம்ல இருக்கான். கையில செல்போனு. அதுல ஊர் ஊரா, நாடு நாடா, வீடு வீடாப் பாத்துக்கிட்டே இருப்பான்.

“மாப்ள, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. முன்னாடி எடுப்பா இல்லையே! நல்ல தடித் தடித் தூணா ரெண்டு நிறுத்துங்க. இங்க பாருங்க”ன்னு போனை நீட்டினான். அதுல ஒரு வெள்ளைக்காரன் வீடு. ஒரு தூணுக்குள்ள நம்ம வீட்ட வச்சுப் பூட்டிரலாம், அம்புட்டுப் பெருசு.

“அதுவும் சரிதான் மச்சான்.”

இப்போ பவுன்தாய் ஓடியாந்து சண்டை போட்டிருக்கணும்ல? போடல. வாயே தொறக்கல. பொறந்த வீட்டு ஆளாச்சே! பெரியப்பா சொன்னா பைத்தியக்காரத்தனம், அண்ணன் சொன்னா ஆசையாச் சொல்றான். முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, “அழகாத்தான் இருக்கும்போல”ன்னா. அவளும் சாமானியப்பட்டவ இல்ல.

மேஸ்திரி “சரிங்க”ன்னாரு. தூணு எழும்புச்சு. வடக்க, மாட்டுக் கொட்டத்தப் பாத்து, ராஜா கோட்டை மாதிரி ரெண்டு தூணு. எருமைக்கு அப்படி ஒரு மரியாதை அதுக்கு முன்னாடி யாரும் பண்ணதில்ல. அந்த வழியா வந்த ஒரு பெரியவரு நின்னு பாத்துட்டு, “தம்பி, மண்டபத்துல தை மாசம் தேதி இருக்குமா?”ன்னு கேட்டுட்டுப் போனாரு.

இப்படிக் கட்டி, இடிச்சு, கட்டி, ஆவணி போச்சு, பொரட்டாசியும் போகப் போகுது. சீனியம்மா தெனம் வாசல்ல வந்து நின்னு, “என்ன, முடிஞ்சுதா? என்ன, முடிஞ்சுதா?”ங்குறா. பவுன்தாய்க்கு சோறு எறங்கல. மழை வந்துட்டா தளம் போட முடியாது. தளம் இல்லைன்னா வீடு இல்ல. வீடு இல்லைன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போறது?

“எங்க போவாங்க அத்தை?”

அதான் கேளு. தளம் போடுற நாள் வந்துச்சு. தளம்னா மேல கூரை. பலகை அடிச்சு, கம்பி கட்டி, அது மேல சிமெண்டுக் கலவையக் கொட்டணும். ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. பாதியில நிறுத்திட்டு மறுநா போட்டா ரெண்டும் ஒட்டாது. அது ஊரு பூரா எல்லாருக்கும் தெரியும். வனராசுக்கு மட்டும் அன்னைக்குத்தான் தெரியும். “மிச்சத்த நாளைக்கு ஒட்டுப் போட்டுக்கலாம்ல?”ன்னு கேட்டாரு. மேஸ்திரி மொத தடவையா “சரிங்க” சொல்லல.

விடிஞ்சதும் மூணு பேரும் வந்துட்டாங்க. பெரியப்பா, போஸு, தங்கேஸ்வரன். வேப்ப மரத்து நெழல்ல மூணு சேரு. கலவை மிஷினு வந்து குடுகுடுகுடுன்னு சுத்துது. ஆளுக சட்டியோட நிக்கிறாங்க. மொத சட்டிய எந்த மூலையில கொட்டுறது?

“கன்னி மூலையில”ங்குறாரு பெரியப்பா.

“இல்ல, எங்க மொதலாளி வீட்டுல ஈசானி மூலையிலதான் கொட்டினாங்க”ங்குறான் தங்கேஸ்வரன்.

“நடுவுல கொட்டுங்கப்பா, நாலு பக்கமும் பரவிக்கும்”ங்குறான் போஸு. அவனுக்குத் தோசை நெனப்பு.

வனராசு மூணு பேரையும் பாத்து, “அதுவும் சரிதான். அதுவும் சரிதான். அதுவும் சரிதான்.” மிஷினு சும்மா சுத்துது. நல்ல நேரம் போயிருச்சு. வெயிலு ஏறிருச்சு. அப்புறம் பவுன்தாயே ஒரு சட்டியத் தூக்கிட்டு விறுவிறுன்னு சாரத்துல ஏறி, கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்ச மூலையில தொப்புன்னு கொட்டிட்டா. “போட்டாச்சு! அடுத்த சட்டி!”

வேலை ஓடுச்சு. பாதித் தளம் ஆச்சு. அப்போ மிஷினு குடுகுடு... குடு... கு... டப்! நின்னுருச்சு. தட்டிப் பாத்தாங்க, ஒதச்சுப் பாத்தாங்க, ஒன்னும் வேலைக்காகல. பெல்ட்டு அறுந்து போச்சு. புதுசு வாங்க டவுனுக்குப் போகணும். மலைப்பக்கம் பாத்தா, கருகருன்னு மேகம் எறங்குது. கடகடகடன்னு சத்தம்.

மேஸ்திரி தலையில கைய வச்சாரு. “மிஷினு இல்லாம கையால கலக்கணும்னா இந்த ஆளு பத்தாதுங்க. இன்னும் நெறைய கை வேணும்.”

எல்லாரும் வேப்ப மரத்தத் திரும்பிப் பாத்தாங்க.

பெரியப்பா எந்திரிச்சாரு. “பிரஷர் மாத்திரை போட மறந்துட்டேன்பா.” போயிட்டாரு. போஸு எந்திரிச்சான். “பாலு பொங்கிரும் பங்காளி.” போயிட்டான். தங்கேஸ்வரன் போனைப் பாத்தான். “சார்ஜ் இல்ல மாப்ள, போட்டுட்டு வந்துர்றேன்.” அவனும் போயிட்டான். மூணு சேரு மட்டும் இருந்துச்சு.

பவுன்தாய் அண்ணன் போன தெசையப் பாத்துக்கிட்டே நின்னா. கண்ணு கலங்கிருச்சு. மழைக்குக்கூட இல்ல பாப்பா, அதுக்கு.

வனராசு என்ன பண்ணாரு தெரியுமா? போனை எடுத்து, பெரியப்பாவுக்குப் போட்டு, “இப்ப என்ன பண்ணலாம் பெரியப்பா?”ன்னு கேட்டாரு.

பவுன்தாய் விருட்டுன்னு வந்து போனைப் பிடுங்கி இடுப்புல சொருகினா. “மேல ஏறுங்க. நான் தூக்கித் தர்றேன்.”

அப்போதான் சீனியம்மா வந்தா.

“திட்டவா?”

பெறகு, கொஞ்சவா வருவா? “என்ன, முடிஞ்சுதா?”ன்னு கேக்கத்தான் வந்தா. வந்தவ பாதித் தளத்தப் பாத்தா. மேகத்தப் பாத்தா. நின்னுபோன மிஷினப் பாத்தா. மொகம் அப்படியே மாறிப்போச்சு.

“அடிப்பாவி! இது இன்னைக்கு முடியலைன்னா நீ எவ்வளவு நாளைக்குடி என் வீட்டுல உக்காந்திருப்ப? எம்மருமகன் எங்க படுப்பாரு?”

பாசமில்ல பாப்பா, பயம். ஆனா அந்தப் பயம் பண்ணுன வேலை இருக்கே! சேலைய இழுத்துச் சொருகினா. தெருப்பக்கம் திரும்பி ஒரு கத்து கத்தினா. “லைன் வீட்டு ஆளுக எல்லாம் வாங்க! வராதவுக வீட்டுல இன்னைக்குத் தண்ணி வராது!” லைன் வீடு பூரா ஓடியாந்துச்சு. ஏலக்கா கிட்டங்கிக்குச் சேதி போயி, பவுன்தாயோட வேலை பாக்குற பொம்பளைக அப்படியே எந்திரிச்சு வந்துட்டாங்க. கையெல்லாம் ஏலக்கா வாசம்.

அப்புறம் பாரு! சரக் சரக்குனு மம்பட்டியால கலக்குறாங்க. வரிசையா நிக்கிறாங்க. கை மாத்திக் கை மாத்திச் சட்டி போகுது. சீனியம்மா நடுவுல நின்னுக்கிட்டு, “ஏய், கதை பேசாத! ஏய், நடுங்காத! இன்னும் நெறையா அள்ளு!” மேல வனராசு முட்டி போட்டு, கலவையப் பலகையால இழுத்து இழுத்துச் சமப்படுத்துறாரு. சிமெண்டுச் சூட்டுல கையெல்லாம் வெந்து போச்சு. யாருகிட்டயும் ஒன்னும் கேக்கல. கேக்க நேரமில்ல.

கடைசிச் சட்டி விழுகவும், சடசடசடன்னு மழை விழுகவும் சரியா இருந்துச்சு. பச்சைத் தளத்துல மழை அடிச்சா சிமெண்டு பூராக் கரைஞ்சு ஓடிரும். “மூட என்னடி இருக்கு?”ன்னு கேட்டா சீனியம்மா. ஒன்னுமில்ல. அத வாங்கணும்னு யாரும் யோசனை சொல்லல.

சீனியம்மா ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு ஓடினா. பெரிய தார்ப்பாய் ஒன்னச் சுருட்டிக்கிட்டு வந்தா. விரிச்சு, மூடி, ஓரத்துல கல்லு வச்சு, எல்லாரும் தொப்பலா நனைஞ்சு நிக்கிறாங்க. தளம் பொழச்சுக்கிச்சு.

“யாரு தார்ப்பாய் அத்தை?”

ஆங், அப்படிக் கேளு! பவுன்தாய் குடியிருந்த வீட்டுக் கூரை ஒழுகாம இருக்க மேல போட்டிருந்தது! வீட்டுக்கு வந்து பாத்தா, பாயி, பானை, பிள்ளைக புத்தகம், எல்லாம் மெதக்குது. “என்னக்கா இது?”ன்னு கேட்டா, சீனியம்மா “அதான் சொந்த வீடு வரப்போகுதேடி”ன்னுட்டுப் போயிட்டா. சீனிதான?

“ம்...”

கண்ணு சொக்குதா? இந்தா முடிச்சிர்றேன்.

அப்புறம் பலகை பிரிச்சு, பூசி, கதவு மாட்டி, பால் காய்ச்ச நாள் பாத்தாங்க. மொதல்ல பசு மாட்ட வீட்டுக்குள்ள கூட்டிப் போகணும்ல? பசு வந்து வாசல்ல நின்னுச்சு. எதுத்த கொட்டத்துலருந்து எருமை ரெண்டு தூணுக்கும் நடுவுல நேரா நடந்து, பசுவ இடிச்சுத் தள்ளிட்டு, உள்ள போயி நின்னுருச்சு. இம்புட்டு நாளா அது பாத்துக்கிட்டே இருந்த வீடாச்சே! ஐயரு மந்திரத்த நிறுத்தல. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லி முடிச்சிட்டாரு.

சீனியம்மா வந்தா. வந்ததும் கைய நீட்டினா. “பழைய வீட்டுச் சாவிய குடு. அப்புறம் சாப்புடுறேன்.”

அந்த மூணு பேரும் வராம இருப்பாங்களா? வெள்ளை வேட்டி கட்டி, மொத பந்தியிலயே உக்காந்துட்டாங்க. “வாசல் என் யோசனை”ன்னாரு பெரியப்பா. “படிக்கட்டு நான் சொன்னது”ன்னான் போஸு. “தூணு பாத்தீகளா?”ன்னான் தங்கேஸ்வரன். பவுன்தாய் அண்ணன் எலையிலயும் வடை வச்சா. ஆனா மொகத்தப் பாக்கல.

அப்புறம் பெரியப்பா, கை கழுவப் பாத்ரூமுக்குப் போனாரு. அந்தக் கதவு பாதிதான் தொறக்கும். படிக்கட்டு இடிக்கும். வீட்டு ஆளுக ஒல்லி, ஒருக்களிச்சுப் போயிருவாங்க. பெரியப்பா எப்படியோ உள்ள போயிட்டாரு. வெளிய வர்றப்ப தொப்பை கதவுக்கும் நெலைக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. முன்னாலயும் வரல, பின்னாலயும் போகல.

“எந்த மடையன்டா படிக்கட்ட இங்க வச்சான்?”னு கத்தினாரு.

போஸுக்குக் கோவம் வந்திருச்சு. “நீங்க வாசல மாத்தினதாலதான் படி இங்க வந்துச்சு!”

“ரெண்டு பேரும் சேந்து எங்க மாப்ள வீட்டக் கெடுத்துட்டீங்க”ன்னான் தங்கேஸ்வரன்.

“போடா தூணு!”ன்னாரு பெரியப்பா, மாட்டிக்கிட்ட எடத்துலருந்தே. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. பந்தியில ஒருத்தரும் சோத்துல கை வைக்கல. சிரிச்சா மரியாதையில்லன்னு எல்லாரும் எலையப் பாத்து உக்காந்திருக்காங்க, தோள் மட்டும் குலுங்குது.

“டேய் வனராசு! பாத்துக்கிட்டே நிக்கிற! இந்தச் செவுத்த இடிடா!”ன்னாரு பெரியப்பா.

மேஸ்திரி அங்கதான் பாயசம் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. “சரிங்க”ன்னு டம்ளர வச்சுட்டு எந்திரிச்சு, கடப்பாரையத் தூக்கிட்டாரு.

வனராசு எந்திரிச்சு வந்து, செவுத்துக்கு முன்னாடி நின்னாரு. அந்தக் கலவையில வெந்து, தோலுரிஞ்ச கைய செவுத்து மேல வச்சாரு. வாயத் தொறந்தாரு. எல்லாரும் ‘அதுவும் சரிதான்’னு வரப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருக்காங்க.

“மேஸ்திரி, அதக் கீழ வைங்க”ன்னாரு. அப்புறம் திரும்பி, நல்ல மரியாதையா, “பெரியப்பா, செவுத்துல யாரும் கை வைக்கக் கூடாது. நீங்க வயித்த உள்ள இழுங்க.”

பவுன்தாய் சிரிச்சா பாரு! கையில இருந்த கரண்டி டங்குனு கீழ விழுந்திருச்சு. அவ சிரிக்கவும் பந்தியே சிரிச்சிருச்சு.

பெரியப்பா ‘ஹ்ஹ்ஹ்’னு மூச்ச உள்ள இழுத்தாரு. வனராசு கையப் பிடிச்சு இழுத்தாரு. ப்ளக்! வெளிய வந்துட்டாரு. வேட்டி உள்ளேயே நின்னுருச்சு, அது வேற விசயம்.

அந்த வீட்டுல இன்னைக்கும் எல்லாரும் ஒருக்களிச்சுத்தான் குளிக்கப் போறாங்க. படிக்கட்டுல துணி காயுது. பிள்ளைக வீடு பூரா தடதடன்னு ஓடுதுக. தரை தேயட்டும்னு விட்டுட்டாங்க.

கதைக்குக் கதவு சாத்தியாச்சு. கண்ணுக்கும் சாத்து.

பாப்பா?

...தூங்கிட்டா.